அடுத்த அடி எங்கே விழும்?



இந்த மேடையில் ஆண்டுதோறும் கவிதை, கதை, தன்வரலாறு, வழக்காறு என்று பேசி வந்திருக்கிறோம். இந்த ஆண்டு கம்பைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும், இலக்கியக் கூட்டத்தில் சிலம்பத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். பதில் இதுதான்: எழுத்து மறுக்கப்பட்டிருந்த காலத்திலும் நம் முன்னோர் சிந்திக்காமல் இருந்துவிடவில்லை. சிந்தித்ததைக் கொஞ்சம் பாட்டில் வைத்தார்கள், கொஞ்சம் பறையடியில் வைத்தார்கள், கொஞ்சம் காலடியில் வைத்தார்கள். அந்தக் காலடியை வாசிப்பதும் இலக்கிய வேலைதான்.

குறிப்பாக ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறோம். நிலைமைக்கு ஏற்ப மாறுவது. அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்பது எதிரிக்குத் தெரியாமல் இருப்பது. உலகத்தில் எந்தச் சண்டைக் கலையை எடுத்தாலும் இந்த இரண்டும் அதன் நடுவில் இருக்கும். புரூஸ் லீ 1967இல் தன் முறைக்கு ஜீத் குன் டோ என்று பெயர் வைத்தபோது, எந்த ஒரு பாணியிலும் சிக்கிக்கொள்ளாமல் இருப்பதையே அதன் பாணியாகச் சொன்னார். நம் பிள்ளைகள் அவர் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் அதைத் தெரிந்துகொள்ள ஹாங்காங் வரை போக வேண்டிய அவசியம் செஞ்சிக்காரர்களுக்கு இல்லை.

இரண்டு சண்டைகள்

செஞ்சியில் பிறந்த யாருக்கும் தேசிங்கு ராஜன் கதையைச் சொல்லித்தர வேண்டாம். கோட்டையை ஆண்ட சரூப் சிங்கின் மகன் தேஜ் சிங். தகப்பன் இறந்ததும் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கப்பப் பாக்கியைக் கேட்டுப் படையோடு வருகிறார். இளைஞனான தேஜ் சிங் சில நூறு குதிரைக்காரர்களை வைத்துக்கொண்டு, வெள்ளம் போன ஆற்றைக் கடந்து, தன்னைவிடப் பல மடங்கு பெரிய படையின் நடுவே நேராகப் பாய்கிறான். 1714 அக்டோபர் 3ஆம் நாள் கொல்லப்படுகிறான். கல்யாணப் பந்தலில் இருந்து எழுந்து வந்த நண்பன் மோவுத்துக்காரனும் அதே களத்தில் சாய்கிறான் என்று கதைப்பாடல் சொல்லும். சின்ன வயதில் அந்தப் பாட்டைக் கேட்டு நாமும்தான் கண் கலங்கியிருக்கிறோம்.

ஆனால் சண்டையாகப் பார்த்தால் அதில் என்ன நடந்தது? எதிரிக்கு எந்த வழியாக அவன் வருவான் என்று தெரியும். எப்போது வருவான் என்று தெரியும். பின்வாங்க மாட்டான் என்பதும் தெரியும். அவன் மானமே அவனை முழுக்க முன்கூட்டிச் சொல்லிவிட்டது. அவனால் அப்படிச் சாக முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. செத்த பிறகு தனக்குப் பாட்டு கட்டுவார்கள் என்பது ராஜா வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும். நம் பிள்ளை ஒருவன் அப்படி நெஞ்சைக் காட்டிக்கொண்டு நின்று செத்தால், பாட்டு இருக்கட்டும், முதல் தகவல் அறிக்கையில் பிரிவுகளைச் சரியாகப் போட வைப்பதற்கே நாம் மறியல் செய்ய வேண்டியிருக்கும்.

அதே கோட்டையில் அதற்கு 25 ஆண்டுகள் முன்னால் வேறொரு சண்டை நடந்தது. அதற்கு நம்மூரில் பாட்டு இல்லை. 1677இல் சிவாஜி செஞ்சியைப் பிடித்தார். 1689இல் அவர் மகன் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்ற பிறகு, இளைய மகன் ராஜாராம் மாறுவேடத்தில் மராட்டிய நாட்டை விட்டுத் தப்பி இங்கே வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு முகலாயத் தளபதி சுல்பிகர் கான் கோட்டையை முற்றுகையிட்டார். 1698 தொடக்கம் வரை, ஏறக்குறைய எட்டு ஆண்டுகள், கோட்டை விழவில்லை. ராஜகிரி 800 அடி உயரம், மூன்று மலைகளையும் சுற்றி மதில், அதனால்தான் விழவில்லை என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வார்கள். மதில் மட்டும் அதைச் செய்யவில்லை. மதிலுக்கு வெளியே இரண்டு பேர் இருந்தார்கள்: சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ். 1692 டிசம்பரில் அவர்கள் குதிரைப்படையோடு இந்தப் பக்கம் இறங்கினார்கள். சந்தாஜி காஞ்சிபுரத்து முகலாய அதிகாரி அலி மர்தான் கானைச் சிறைபிடித்தார். தனாஜி முற்றுகைப் படையின் மீதே பாய்ந்தார். தானியம் வரும் பாதை அடைந்தது. முற்றுகையிட்டவன் முற்றுகைக்குள் மாட்டிக்கொண்டான். முகாமில் இருந்த இளவரசர் காம் பக்ஷ் ராஜாராமோடு ரகசியமாகப் பேசுகிறார் என்று சந்தேகப்பட்டுத் தளபதியே அவரைக் காவலில் வைக்க வேண்டியதாயிற்று. கடைசியில் பெரிய பீரங்கிகளை விட்டுவிட்டு 1693 ஜனவரியில் வந்தவாசிக்குப் பின்வாங்கினார்கள்.

மராட்டியர்கள் இந்தப் போர்முறையை கனிமி காவா என்பார்கள். நேருக்கு நேர் நிற்காதே, பெரிய படையின் பாரத்தையே அதற்கு எதிராகத் திருப்பு, வந்த சுவடு தெரியாமல் போ. இதைச் சொல்வதால் மராட்டியத் தளபதிகளை நம் ஆட்களாகக் கொண்டாடச் சொல்கிறோம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பின்னால் வந்த பேஷ்வா ஆட்சி மகர்களை எப்படி நடத்தியது என்பது நமக்குத் தெரியும். போர்முறையில் இருந்து கற்க வேண்டியதைக் கற்கிறோம், அவ்வளவுதான்.

இந்த முற்றுகையின் முடிவிலும் கற்க ஒன்று இருக்கிறது. 1698இல் கோட்டை விழுந்த கதையை ஜதுநாத் சர்க்கார் எழுதியிருக்கிறார். பெரிய தளபதிகள் பெரிய வாசல்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்தபோது, தாவூத் கான் பன்னி என்ற தளபதி யாரும் பெரிதாக மதிக்காத தெற்குச் சின்ன மலையின் மேல் ஏறி, கைகலப்பாகவே சண்டையிட்டு ஒரே நாளில் பிடித்துக்கொண்டார். அங்கிருந்துதான் சந்திரகிரிப் பக்கம் நெருக்க முடிந்தது. அந்தச் சின்ன மலையின் பெயர் சக்கிலி துர்க்கம். தொல்லியல் துறைப் பதிவுகளிலும் அதே பெயர்தான். ராஜாவுக்கு ஒரு மலை, கிருஷ்ணனுக்கு ஒரு மலை, சந்திரனுக்கு ஒரு மலை என்று பெயரிட்ட ஊரில் நான்காவது மலைக்கு நம் சனத்தின் பெயர். சேணம், கடிவாளம், கேடயத் தோல், தண்ணீர்ப் பை எதுவும் தோல் வேலை இல்லாமல் ஒரு படைக்குக் கிடைக்காது. அந்த மலைப் பெயரில் அந்த உழைப்பின் நிழல் இருக்கிறது என்று நாங்கள் படிக்கிறோம். 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மராட்டியர் போர் நிலவியல் என்ற தலைப்பில் சேர்ந்த 12 கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். நான்காவது மலைக்குப் போகும் பயணியை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை.

மதில் கட்டாத இடத்தில் எதிரி ஏறினான். நிலைமைக்கு ஏற்ப மாறுவது நம்முடைய தனிச்சொத்து என்று நினைத்துக்கொள்ள முடியாது. எதிரே நிற்பவனும் மாறுவான்.

கம்பு என்ன சொல்கிறது

இப்போது கம்புக்கு வருவோம். ஆடுபவரின் நெற்றி உயரத்துக்கு ஒரு மூங்கில் கம்பு. அதைச் சுற்றினால் நுனி போகும் வேகத்தைக் கண் தொடர முடியாது. மனிதர் ஒரு வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு விரலை அசைப்பதற்கே சுமார் கால் நொடி ஆகும். கம்பு நுனிக்கு அதற்குள் வேலை முடிந்துவிடும். அப்படியானால் நல்ல ஆட்டக்காரர் எப்படித் தடுக்கிறார்? அவர் கம்பைப் பார்த்துத் தடுப்பதில்லை. கம்பு எங்கே வரப்போகிறது என்று முன்கூட்டியே கணித்துத் தடுக்கிறார். எதிராளியின் தோள் இறங்குவது, இடுப்பு திரும்புவது, எந்தக் காலில் பாரம் இருக்கிறது என்பது, இவைதான் அவருக்குச் செய்தி. புதிதாக வந்த பையன் கம்பு நுனியையே பார்த்துக்கொண்டு அடி வாங்குவான். வாத்தியார்கள் முதல் மாதம் முழுக்கத் திட்டுவது இதற்காகத்தான்.

தற்காப்பு என்பது கணிப்பு என்றால், தாக்குதல் என்பது கணிப்பைக் கெடுப்பது. 1952இல் ஹிக் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். எதிரே வரக்கூடிய சாத்தியங்கள் கூடக் கூட, சரியான பதிலைத் தேர்ந்தெடுக்க மனிதருக்கு ஆகும் நேரமும் கூடுகிறது என்று அளந்து காட்டினார். நம் ஆசான்கள் இதை அளக்கவில்லை, ஆனால் கட்டினார்கள். அதன் பெயர் வீடு கட்டுவது. ஓர் இடத்தில் நின்று, நான்கு திசைக்கும் காலடி வைத்து, மறுபடி நின்ற இடத்துக்கே வந்து சேருவது. பார்ப்பவர்களுக்கு அழகான சுற்றாகத் தெரியும். உள்ளே இருக்கும் பயிற்சி வேறு: எந்த அடியில் நின்றாலும் அங்கிருந்து நான்கு வழிகள் திறந்திருக்க வேண்டும். நான்கில் எதை எடுப்பாய் என்பது கடைசி நொடி வரை உன் உடம்பில் தெரியக் கூடாது. வீடு கட்டி அடித்தான் என்று ஊரில் சொல்கிறோமே, அது இதுதான்.

பாவ்லா என்ற சொல்லையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். தலைக்கு வீசுவதுபோல் காட்டிக் கணுக்காலில் தட்டுவது. தினசரிப் பேச்சில் பாவ்லா காட்டாதே என்றால் நடிக்காதே என்று பொருள். களத்தில் பாவ்லா நடிப்பாக இருந்தால் வேலைக்கு ஆகாது. தலைக்கு வரும் வீச்சு, தடுக்காவிட்டால் உண்மையிலேயே தலையில் விழும் வீச்சாக இருக்க வேண்டும். அப்போதுதான் எதிராளி கையைத் தூக்குவான். பாதி மனதோடு காட்டும் பாவ்லாவுக்கு யாரும் ஏமாறுவதில்லை.

இதில் இளைஞர்கள் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. கணிக்க முடியாதவனாக இருப்பது என்றால் நினைத்ததைச் செய்வது என்று எண்ணிக்கொள்கிறார்கள். பழகாதவனின் அசைவுதான் உலகத்திலேயே சுலபமாகக் கணிக்கக்கூடியது. பயம் வந்தால் பின்னால் சாய்வான், கோபம் வந்தால் வலது கையை ஓங்குவான். எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். அந்த இயல்பான எதிர்வினையிலிருந்து உடம்பை விடுவிப்பதற்கே ஆயிரம் முறை ஒரே காலடியைப் போட வைக்கிறார்கள். இலக்கணம் முழுதாகக் கைவந்தவர்தான் புது வாக்கியம் பேச முடியும்.

கம்பு ஏன் நம்மிடம் தங்கியது என்பதற்கும் ஒரு சமூகக் காரணம் இருக்கிறது. 1801இல் தென்பாளையங்களை அடக்கிய பிறகு கம்பெனி ஆட்சி ஆயுதங்களைப் பறித்தது. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் உரிமம் இல்லாதவர் கையில் துப்பாக்கியோ வாளோ இருக்கக் கூடாது என்றது. மாடு ஓட்டவும், வரப்பில் நடக்கவும், பாம்பு தள்ளவும் கையில் இருந்த கம்பை எந்தச் சட்டத்தால் பிடுங்க முடியும்? ஏழையின் கையில் இருப்பது வேலைக் கருவியா ஆயுதமா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. அதுவே முதல் பாவ்லா. சிலம்ப வகைகளின் பெயர்களையும் கவனியுங்கள்: குறவஞ்சி, பனையேறி மல்லு, கள்ளர் பத்து. அரண்மனைப் பெயர்கள் அதிகம் இல்லை. பனை ஏறியவர்களும் மலையில் திரிந்தவர்களும் தங்கள் உடம்பு அறிந்ததை இதில் விட்டுப் போயிருக்கிறார்கள்.

முன்கூட்டிச் சொல்லப்பட்ட உடம்பு

மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு சமூகவியலாளர் 1934இல் உடம்பின் உத்திகள் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பிரெஞ்சு மண்வெட்டி கைவரவில்லை. பிரிவுக்கு 8,000 மண்வெட்டிகளை மாற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது என்று அதில் சொல்கிறார். நடப்பது, உட்காருவது, தோண்டுவது எல்லாமே சமூகம் சொல்லிக்கொடுத்தது என்பது அவர் வாதம். பாடத்தில் இதைப் படிக்கும் நம் மாணவர்களுக்கு உதாரணம் தேட மண்வெட்டி வரை போக வேண்டியதில்லை. தோளில் இருக்கும் துண்டு ஊருக்குள் நுழைந்ததும் இடுப்புக்கு இறங்கும். செருப்பு கைக்கு வரும். சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். டீக்கடையில் எந்த டம்ளர், எந்த இடத்தில் நின்று குடிப்பது, திருவிழாவில் தேர் எந்தத் தெரு வரை வரும், பிணம் எந்தப் பாதையில் போகும். நம் தாத்தாக்களின் உடம்பு எந்த நொடியில் எந்த இடத்தில் எப்படி நிற்கும் என்பதை ஊர்க்காரர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

சாதி என்ன செய்கிறது என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. சண்டைக்காரர் கண்ணால் பார்த்தால் ஒன்று தெரிகிறது: ஒரு சனத்தின் அடுத்த அசைவை எதிராளிக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடும் ஏற்பாடு அது. அந்தக் கணிப்பு தவறும்போதுதான் ஊர் கொதிக்கிறது. நம் பையன் புது மோட்டார் சைக்கிளில் நேராக ஓட்டிப் போனான், பெண் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள், ஊராட்சித் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். இவற்றில் எதுவும் யாரையும் அடிக்கவில்லை. ஆனாலும் அடி வாங்கியவர்கள்போலத் துடிக்கிறார்கள்.

சிலம்பம் ஆடுபவருக்கும் ஊர் ஓர் இடம் ஒதுக்கியிருந்தது. சாமி ஊர்வலத்துக்கும் பெரிய வீட்டுச் சாவுக்கும் பறையோடு முன்னால் ஆடிப் போக வேண்டும். அது கடமை, கூலி சொற்பம். ஆனால் அந்தக் கடமைக்காகப் பழகிய அதே கால்கள் ராத்திரியில் சேரி மந்தையில் வேறு ஒன்றையும் பழகின. ஊர் தன் திருவிழாவுக்காக வளர்த்த கலைதான் அதற்கு அடங்காத உடம்பையும் வளர்த்தது.

யுக்தி யாருக்கு, சூது யாருக்கு

செஞ்சி வட்டாரம் திரௌபதி அம்மன் வழிபாட்டின் தாய்ப்பகுதி. மேலச்சேரிக் கோயிலை மூலக்கோயில் என்று சொல்வார்கள். பாரதக் கூத்தின் கடைசியில் படுகளம் நடக்கும். மண்ணால் செய்த பெரிய துரியோதனன் மல்லாந்து கிடப்பான். வீமன் அவன் தொடையில் அடித்துக் கொல்லுவான். கதாயுதப் போரில் இடுப்புக்குக் கீழே அடிக்கக் கூடாது என்பது விதி. விதியை மீறச் சொல்லிச் சாடை காட்டியவன் கண்ணன். ஆண்டுதோறும் ஊரே கூடி அந்த விதிமீறலைக் கும்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறது. கண்ணன் செய்தால் யுக்தி, அரசன் செய்தால் ராஜதந்திரம். அதையே நாம் செய்தால் சூது, வன்முறை, தூண்டுதல், வெளியாள் வேலை. யாருடைய எதிர்பாராத அசைவு அறிவு, யாருடையது குற்றம் என்பதைப் பெயர் வைக்கும் அதிகாரம் தீர்மானிக்கிறது.

இதே விழுப்புரம் மாவட்டத்தில் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் 2023 ஏப்ரலில் நுழைந்த நம் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். ஜூனில் கோயிலே பூட்டி முத்திரையிடப்பட்டது. வீமனின் அடியை ஏற்றுக்கொண்ட ஊரால் ஒரு பையன் வாசற்படி தாண்டியதை ஏற்க முடியவில்லை.

கடல் தாண்டியும் இந்தக் கதை உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து பிரேசிலுக்கு அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களும் அவர்கள் பிள்ளைகளும் வளர்த்த கலை கப்போயிரா. பார்த்தால் நடனம், இசைக்கருவி, கைதட்டல். உள்ளே உதையும் வாரலும். அதன் அடிப்படை அசைவை ஜிங்கா என்பார்கள். உடம்பு ஒருபோதும் நிற்காது, இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே இருக்கும், எந்த ஆட்டத்திலிருந்து உதை கிளம்பும் என்று தெரியாது. 1888இல் அடிமைமுறை ஒழிந்தது. 1890இல் வந்த குற்றவியல் சட்டம் கப்போயிராவைக் குற்றமாக்கியது. விடுதலை கொடுத்த கையோடு அசைவைத் தடை செய்தார்கள். குதிரைப் போலீஸ் வருவதை எச்சரிக்க அவர்களிடம் தனித் தாளம் ஒன்று இருந்தது. பறையின் ஒவ்வொரு அடியும் ஒவ்வொரு செய்தி என்று அறிந்த நமக்கு இது புதிதல்ல. 1930களில்தான் அந்தக் கலை சட்டத்தின் ஏற்பைப் பெற்றது.

முகமது அலியையும் சொல்லாமல் விட முடியாது. வியட்நாம் போருக்குப் போக மாட்டேன் என்றதற்காக 1967இல் அவர் பட்டத்தைப் பறித்தார்கள். 1974 அக்டோபர் 30 அன்று கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனோடு மோதினார். அலிக்கு 32 வயது. ஃபோர்மனுக்கு 25, அதுவரை தோல்வியே இல்லை. அலி என்றால் கால் ஆட்டம், வளையம் முழுக்க ஓடி ஓடிக் குத்துவார் என்று உலகமே எதிர்பார்த்தது. ஃபோர்மனும் அதற்கே தயாராகி வந்திருந்தார். அலி கயிற்றில் சாய்ந்து நின்றுகொண்டார். குத்துகளைக் கையிலும் உடம்பிலும் வாங்கினார். ஃபோர்மன் களைத்த பிறகு எட்டாவது சுற்றில் விழுத்தினார். தன் புகழ்பெற்ற ஆட்டத்தையே பாவ்லாவாக மாற்றியது அந்தச் சண்டை. ஆனால் அந்த ஏழு சுற்றுக் குத்துகளும் உண்மையானவை. அதற்கான விலையை அவர் உடம்பு கொடுத்தது. சார்பட்டா பரம்பரை படத்தில் டான்சிங் ரோஸைப் பார்த்துக் கைதட்டும் தம்பிகளுக்கு இதையும் சொல்லித்தர வேண்டும்.

மகாத்தில் போட்ட காலடி

அண்ணல் அம்பேத்கரைச் சட்ட மேதை என்கிறோம், பொருளாதார அறிஞர் என்கிறோம். அவர் படைவீரர் வீட்டுப் பிள்ளை. தந்தை ராம்ஜி சக்பால் சுபேதார். 1890களில் போர்க்குடிகள் என்ற கோட்பாட்டைச் சொல்லி மகர்களைப் படையில் சேர்ப்பதை ஆங்கிலேயர் நிறுத்தியபோது, அதை எதிர்த்து எழுதியவர்கள் ஓய்வுபெற்ற சிப்பாய்கள். மகாத் நகரம் இருக்கும் கொங்கணப் பகுதியில் அப்படிப்பட்ட முன்னாள் வீரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள்.

1927 மார்ச் 20 அன்று அண்ணல் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அருந்தினார். அன்றே சாதி இந்துக்கள் கூட்டத்தினர் மீது பாய்ந்தார்கள். திருப்பி அடிக்கத் தெரிந்த முன்னாள் சிப்பாய்கள் அங்கே இருந்தும் அண்ணல் அவர்களைத் தடுத்தார். எதிரி எதிர்பார்த்ததும் அந்த அடியைத்தான். கலவரம் என்று எழுதிவிட்டால் தண்ணீர் என்ற கேள்வி மறைந்துவிடும். டிசம்பரில் மறுபடி கூடுவதாக அறிவித்தார். எதிர்த்தரப்பு நீதிமன்றம் போய்க் குளத்தில் இறங்கத் தடை வாங்கியது. கூட்டத்துக்கு இடமும் தரவில்லை. ஒரு இஸ்லாமியரின் நிலத்தில்தான் பந்தல் போட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் திரண்டு வந்திருக்கிறார்கள், குளத்துப் பாதை அடைபட்டிருக்கிறது. தடையை மீறினால் வழக்கு வீணாகும், திரும்பிப் போனால் தோல்வி. இந்த இரண்டைத்தான் எல்லோரும் கணித்திருந்தார்கள். டிசம்பர் 25 இரவு மனுஸ்மிருதி எரிந்தது. எதிரி குளத்தைக் காவல் காத்துக்கொண்டிருந்தபோது அடி சாஸ்திரத்தின் மேல் விழுந்தது. குளம் என்ன ஆயிற்று? அதை விட்டுவிடவில்லை. வழக்கை நடத்தினார்கள். 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள்.

அதற்குப் பின்னும் அதே கால்மானம்தான். 1930இல் நாசிக் காலாராம் கோயில் நுழைவு. ஐந்தாண்டு போராடிப் பார்த்துவிட்டு 1935இல் இயோலாவில், இந்துவாகச் சாக மாட்டேன் என்ற அறிவிப்பு. கதவைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்த எதிரி, இந்தப் பக்கம் யாருமே இல்லை என்று தெரிந்தபோது விழுந்தான். இதைச் சிலர் முரண்பாடு என்று எழுதினார்கள். சிலம்பம் தெரிந்தவர்கள் அப்படி எழுத மாட்டார்கள்.

இப்போது நம்மைப் பார்ப்போம். மனு கொடுக்கிறோம். ஆர்ப்பாட்டத்துக்கு அனுமதி கேட்கிறோம். குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட நேரம் முழக்கமிடுகிறோம். மறியல் என்றால் கைது, கல்யாண மண்டபம், மதியம் தக்காளி சாதம், மாலை ஆறு மணிக்கு விடுதலை. மண்டபத்துக்கு எத்தனை பொட்டலம் என்பதைக் காவல் நிலையத்தில் காலையிலேயே எழுதி வைத்திருப்பார்கள். நம் வீடு கட்டு அவர்களுக்கு மனப்பாடம். அவர்களோ மாறிக்கொண்டே இருக்கிறார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் நாம் புகார் கொடுத்தால் அன்றே நம்மீது ஓர் எதிர்வழக்கு வருகிறது, அதை வைத்து சமரசம் பேசுகிறார்கள். இந்த எதிர்வழக்கு தாவூத் கான் ஏறிய சின்ன மலை போன்றது. புகார் எழுதும் அன்றே மருத்துவச் சான்று, அலைபேசிப் பதிவு, சம்பவ நேரத்தில் நம் ஆள் எங்கே இருந்தார் என்பதற்கான சாட்சி ஆகியவற்றைத் திரட்டி அங்கே முதலில் மதில் கட்ட வேண்டும்.

நாம் கணிப்பை மீறிய நாளும் உண்டு. 2018 மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று அந்தச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கியது. தேதியைக் கவனியுங்கள், மகாத் நாள். ஏப்ரல் 2 அன்று வட இந்தியா முழுக்க முழு அடைப்பு. ஒரு பெரிய கட்சியோ ஒற்றைத் தலைவரோ அழைக்கவில்லை. அலைபேசியில் பரவியது. யாரோடு பேச்சு நடத்துவது, யாரைக் கைது செய்வது என்று அரசுக்குத் தெரியவில்லை. ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி 18ஏ பிரிவைச் சேர்த்தது. ஆனால் அன்று உயிர்களை இழந்தோம், பின்னர் எண்ணற்ற இளைஞர்கள் வழக்குகளில் அலைந்தார்கள். தலை தெரியாத போராட்டத்துக்கு அடி விழும்போது ஜாமீன் எடுக்கவும் ஆள் தெரிவதில்லை.

இதனால்தான் ஒன்றை வலியுறுத்துகிறோம். எதிரிக்குக் கணிக்க முடியாதவர்களாக இருப்பவர்கள் தோழர்களுக்கு முழுக்கக் கணிக்கக்கூடியவர்களாக இருக்க வேண்டும். சந்தாஜியை முகலாயர்கள் களத்தில் அடக்க முடியவில்லை. ஆனால் தன் பக்கத்திலேயே தனாஜியோடும் ராஜாராமோடும் மோதி, துரத்தப்பட்டு, 1697இல் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு கோட்டை விழுந்தது. சங்கக் கணக்கு, கூட்டத்துக்கு வரும் நேரம், பெண் தோழர்களிடம் நடந்துகொள்ளும் முறை ஆகியவற்றில் பாவ்லா கூடாது. சிலம்பத்தில் எல்லாவற்றுக்கும் முன்னால் சலாம் வரிசை இருப்பது சும்மா இல்லை.

கடைசியாக, கம்பின் இன்றைய நிலை. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டிலும் வந்திருக்கிறது. நம் பெண் பிள்ளைகள் சான்றிதழுக்காக ஞாயிறு தோறும் பழகுகிறார்கள், அதில் எங்களுக்கு மகிழ்ச்சி. ஆனால் தனித்திறன் போட்டியில் மதிப்பெண் சுத்தமான, முன்பே தீர்மானித்த வரிசைக்குக் கிடைக்கிறது. எதிராளியோடு ஆடும் தொடுமுறைக்குப் பல பயிற்சி இடங்களில் நேரமே ஒதுக்குவதில்லை. வயதான வாத்தியார்களுக்குத் தெரிந்த பிரிவுகளும் எதிர்க் காலடிகளும் எந்த மதிப்பெண் தாளிலும் இல்லை. பட்டப்படிப்புக்குத் தலைப்பு தேடும் மாணவர்கள் செஞ்சி, திண்டிவனம், வந்தவாசிப் பக்கத்துக் காலனிகளில் இன்னும் கம்பு பிடிக்கிற பெரியவர்களிடம் போக வேண்டும். வரிசையின் பெயர், யாரிடம் பழகினார், ஒவ்வொரு காலடிக்கும் எதிர் என்ன என்று கேட்டுப் படமெடுத்து வைக்க வேண்டும். கேமராவை முகத்துக்கு வைக்காதீர்கள், காலுக்கு வையுங்கள்.